சேன் பியர் மக்களை மலை கொன்றதா, ஆளுநர் கொன்றாரா?

ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார்: கரீபியன் கடலில் உள்ள மார்த்தினிக் தீவில் 1902-இல் பெலே எரிமலை வெடித்து, சேன் பியர் என்ற நகரத்தில் முப்பதாயிரம் பேர் சில நிமிடங்களில் இறந்தார்களாமே; தேர்தல் நடந்தாக வேண்டும் என்பதற்காக ஆளுநர் சிப்பாய்களை நிறுத்தி மக்களை வெளியேற விடாமல் தடுத்தாராமே; பாதாளச் சிறையில் கிடந்த ஒரே ஒரு கைதிதான் உயிரோடு மீண்டானாமே; இவையெல்லாம் உண்மையா? படிப்பதற்கு மூன்று கேள்விகள். அவற்றுக்கு அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு வாரத்துக்கும் மேலாகப் புகைந்து, சாம்பல் கொட்டி, அதிர்ந்துகொண்டிருந்த மலையின் அடியில் அத்தனை பேர் எதற்காக உட்கார்ந்திருந்தார்கள்? அவர்களை அங்கே இருத்தி வைத்தது அறியாமையா, அதிகாரமா?

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாறையியல் கற்பித்தவன். எரிமலைச் சாம்பல் படிவுகளைப் படிப்பதுதான் என் வேலை. மார்த்தினிக்கில் ஐந்து வாரம் தங்கி, பெலேயின் சரிவுகளில் ஓடும் ஓடைகளின் கரைகளை வெட்டிப் பார்த்திருக்கிறேன். ஆகவே கல்லும் சாம்பலும் சொல்வதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆளுநர் மாளிகையில் யார் யாருக்கு என்ன சொன்னார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் துறை. அந்த இடத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்டவன் மட்டுமே. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் மலை. பெலே தீவின் வடகோடியில் நிற்கிறது. உயரம் 1,397 மீட்டர். ஹவாய்த் தீவுகளின் நெருப்புத் தெய்வத்தின் பெயரும் ஏறக்குறைய இதேபோல ஒலிப்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இங்கே அது பிரெஞ்சுச் சொல். தோலுரிந்தது, மொட்டையானது என்று பொருள். நம் ஊர்களில் மரமில்லாத குன்றை மொட்டைமலை என்று சொல்வோமே, அதே எண்ணம்தான். தீவின் மற்ற மலைகளெல்லாம் காடு மூடிக் கிடக்க, இதன் உச்சி மட்டும் வெறுமையாக இருந்ததைப் பார்த்து வைத்த பெயர். அந்த வெறுமைக்குக் காரணம் என்ன என்று பெயர் வைத்தவர்கள் கேட்டிருந்தால் மலையின் கடந்தகாலம் அப்போதே பிடிபட்டிருக்கும்.

தமிழர்களுக்கு இந்த மலை முற்றிலும் அந்நியமானதும் அன்று. 1853 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் இருபத்தைந்தாயிரம் பேர் அளவில் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக மார்த்தினிக்குக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள் அவர்களில் மிகுதி. பெலேயின் வடக்குச் சரிவு கடலைத் தொடும் இடத்தில் உள்ள பாஸ் புவாந்த் என்ற ஊரில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள். மாரியம்மனும் மதுரைவீரனும் உருத்திரிந்த பெயர்களோடு அங்கே வழிபாடு பெறுகிறார்கள். அந்த வழிபாட்டில் பாடப்படும் தமிழை, பாடுகிறவர்களே பொருள் அறியாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நான் அங்கே நின்றபோது பின்னால் தெரிந்த மலையை மறந்தே போனேன்.

இந்த மலை ஏன் இப்படி வெடிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் மற்ற எதையும் பேசுவதில் பயனில்லை. அட்லாண்டிக் கடலடித் தட்டு ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வேகத்தில் கரீபியன் தட்டின் அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. உள்ளே போகும் தட்டு தன்னோடு கடல்நீரையும் கொண்டுபோகிறது. அந்த நீர் ஆழத்தில் பிரிந்து மேலேறி, மேலே உள்ள பாறையை உருக வைக்கிறது. அப்படிப் பிறக்கும் கற்குழம்பு மேலே வரும் வழியில் சிலிக்கா மிகுந்து, ஆண்டிசைட் என்ற வகையாக மாறுகிறது. ஹவாயிலும் ரெயூனியனிலும் ஆறுபோல ஓடும் பசால்ட் குழம்பு நீர்த்தது. ஆண்டிசைட் குழம்பு இறுகியது, கூடவே நிறைய நீராவியைத் தனக்குள் அடக்கி வைத்திருப்பது. உலையில் வெந்நீர் கொதிக்கும்போது குமிழிகள் சாதாரணமாக வந்து உடைகின்றன. கேழ்வரகுக் களி கிண்டிப் பழகியவர்களுக்குத் தெரியும், அங்கே ஒவ்வொரு குமிழியும் அடைபட்டுப் புடைத்து, படாரென்று வெடித்துக் கையைச் சுடும். பெலேயின் குழம்பு களி வகை. அது வாயிலிருந்து வழிந்து ஓடாது. வாயிலேயே குவிந்து, ஒரு குவிமாடமாகி, தன் துவாரத்தைத் தானே அடைத்துக்கொள்ளும். அடைப்பு சரியும்போதோ வெடிக்கும்போதோதான் ஆபத்து.

1902-இல் இதை எவரும் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. அதுவரை அந்த நகரத்தாரின் நினைவில் இருந்த வெடிப்பு 1851-இல் நடந்தது. கொஞ்சம் சாம்பல் விழுந்தது, கந்தக நாற்றம் வீசியது, பிறகு அடங்கிவிட்டது. அதற்கு முன் 1792-இலும் அப்படியே. வீட்டுப் பெரியவர்கள் பார்த்து வளர்ந்த மலை அது. அவர்கள் அறிந்த அளவில் அது மிரட்டும், கடிக்காது.

சேன் பியர் தீவின் தலைநகரமாக இருக்கவில்லை. தலைநகரம் தெற்கே இருந்த ஃபோர்-து-பிரான்ஸ். ஆனால் பணமும் பகட்டும் சேன் பியரில்தான் இருந்தன. சர்க்கரையும் ரம்மும் அங்கிருந்துதான் கப்பலேறின. நாடக அரங்கு, பேராலயம், மின்விளக்கு, குதிரை இழுக்கும் டிராம், தாவரவியல் தோட்டம் எல்லாம் இருந்தன. மக்கள்தொகை சுமார் 26,000. எரிமலையின் உச்சி அங்கிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர்.

அந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்தே உச்சிக்கருகே ஆவி வெளிவருவது கூடியது. ஏப்ரல் 23 முதல் அதிர்வுகளும் மெல்லிய சாம்பலும். 27-ஆம் தேதி மேலே ஏறிப் பார்த்தவர்கள், வறண்ட குளம் என்று பெயர் பெற்றிருந்த உச்சிப் பள்ளம் நீர் நிறைந்து ஏரியாகி இருப்பதையும், அதன் ஓரத்தில் ஒரு சிறு கூம்பு எழுந்திருப்பதையும் கண்டார்கள். அதே நாளில்தான் சட்டமன்றத் தேர்தலின் முதல் சுற்று நடந்தது. எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் இரண்டாம் சுற்று மே 11-க்கு வைக்கப்பட்டது. மே 2 இரவு வெடிப்புகள் பலத்தன. நகரம் சாம்பலால் வெளுத்தது. குதிரைகள் மூச்சுத் திணறி விழுந்தன, வெள்ளிப் பாத்திரங்கள் கறுத்தன. மலையடிவாரச் சிற்றூர்களில் இருந்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு சேன் பியருக்குள் வந்து சேர்ந்தார்கள். வெகுசன நூல்களில் இந்த இடத்தில் நச்சுப் பாம்புகள் மலையிலிருந்து இறங்கி ஐம்பது பேரைக் கடித்துக் கொன்றன என்று ஒரு காட்சி வரும். தீவில் கொடிய விரியன் இனம் உண்டு, சாம்பல் மழையில் அவை இடம்பெயர்ந்திருப்பதும் இயல்பு. அந்த எண்ணிக்கையை மட்டும் நான் நம்புவதில்லை.

இனி வருவதுதான் இந்தக் கதையின் உயிர்நிலை என்பேன். மே 5-ஆம் தேதி நண்பகலுக்குப் பிறகு உச்சி ஏரியின் கரை உடைந்தது. கொதிநீரும் சேறும் பாறைகளும் பிளான்ஷ் ஆற்றின் பள்ளத்தாக்கில் பாய்ந்து இறங்கின. ஆற்றின் பெயருக்கு வெள்ளாறு என்று பொருள். அதன் கழிமுகத்தில் இருந்த கெரேன் சர்க்கரை ஆலை சில நிமிடங்களில் புதைந்தது. அதன் புகைபோக்கி மட்டும் சேற்றுக்கு மேலே தெரிந்தது. உள்ளே இருந்த தொழிலாளர்கள் மாண்டார்கள். சேறு கடலில் விழுந்த வேகத்தில் நீர் பின்வாங்கி, மீண்டும் எழுந்து சேன் பியரின் கரையோரத் தெருக்களில் புகுந்தது.

ஆளுநர் லூயி மூத்தே ஒரு குழுவை அமைத்தார். பீரங்கிப் படை அதிகாரி, பொறியாளர், மருந்தியலாளர், ஆசிரியர்கள் அதில் இருந்தார்கள். அவர்களில் அறிவியல் பெயர் பெற்றவர் காஸ்தோன் லாந்த் என்ற பள்ளி ஆசிரியர். எரிமலையைத் தொழிலாகப் படித்தவர் ஒருவரும் இல்லை. உலகம் முழுவதுமே அப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த காலம் அது. மே 7-இல் குழு சொன்ன முடிவு: உச்சிவாயின் அமைப்பும் அதிலிருந்து கடலை நோக்கித் திறக்கும் பள்ளத்தாக்குகளும் இருக்கும் முறையைப் பார்த்தால் சேன் பியருக்கு ஆபத்தில்லை. இத்தாலியின் வெசுவியஸ் எரிமலையால் நேப்பிள்ஸ் நகருக்கு எவ்வளவு ஆபத்தோ அதைவிடக் கூடுதலாக பெலேயால் சேன் பியருக்கு இல்லை என்று லாந்த் கூறியதாக உள்ளூர்ச் செய்தித்தாளான லே கொலோனி வெளியிட்டது.

இந்தக் குழுவை முட்டாள்கள் என்று எழுதாதவர் இல்லை. நான் அப்படி நினைக்கவில்லை. நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். உச்சிப் பள்ளத்தின் விளிம்பில் ஓர் ஆழமான வெட்டு இருந்தது. அது தென்மேற்கே பிளான்ஷ் ஆற்றை நோக்கித் திறந்தது. வாயிலிருந்து எது வழிந்தாலும் அந்த வெட்டின் வழியாக ஆற்றில் இறங்கி, நகரத்துக்கு வடக்கே சுமார் 3 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் கலக்கும். நகரத்துக்கும் அந்த ஆற்றுக்கும் நடுவே வரிசையாக மேடுகள். குழம்போ சேறோ அவற்றை ஏறித் தாண்டாது. அவர்கள் கணித்தது இது. மே 5-ஆம் தேதி சேறு வந்தபோது துல்லியமாக அந்தப் பாதையில்தான் போனது. முடிவு சொல்வதற்கு இரண்டு நாள் முன்பு இயற்கையே அவர்கள் கணிப்பைச் சரிபார்த்துக் கொடுத்திருந்தது. என் மாணவர்களிடம் நான் இந்தக் குழுவின் முடிவைக் கொடுத்து, மே 5 வரையிலான தகவல்களை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லச் சொல்வேன். பெரும்பாலானோர் குழுவின் பக்கமே நின்றார்கள். அவர்களும் நானும் எந்தப் பொருள் நகரத்தைக் கொன்றது என்று தெரிந்த பிறகு பிறந்தவர்கள். அப்படி ஒரு பொருள் மலையிலிருந்து வரலாம் என்று அந்தக் குழுவுக்குச் சொல்லித்தர அன்று எந்தப் பாடநூலும் இல்லை. கி.பி. 79-இல் வெசுவியசுக்குக் கீழே ஹெர்குலேனியம் நகரம் இதே வகையில்தான் அழிந்தது. அதுகூட 1980-களில் அங்கே கடற்கரைப் படகு அறைகளில் எலும்புக்கூடுகள் தோண்டி எடுக்கப்பட்ட பிறகே தெளிவாயிற்று.

மே 8 வியாழக்கிழமை, கிறிஸ்து விண்ணேறிய திருநாள். காலையில் மக்கள் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 8 மணி 2 நிமிடத்துக்கு ஃபோர்-து-பிரான்ஸுடன் பேசிக்கொண்டிருந்த தந்தி இணைப்பு அறுந்தது. இடிபாடுகளில் கிடைத்த ராணுவ மருத்துவமனைக் கடிகாரம் 7:52-இல் நின்றிருந்தது. கடிகாரங்களுக்குள் அவ்வளவு வேறுபாடு அன்று இயல்பு. மலையின் பக்கவாட்டிலிருந்து ஒரு கரும்மேகம் பிதுங்கி, மேலே எழாமல் தரையைத் தடவிக்கொண்டே இறங்கியது. உச்சியிலிருந்து நகரத்தை அடைய அதற்கு ஓரிரு நிமிடங்கள் போதுமாக இருந்தன.

மேகம் என்று சொன்னாலும் அது காற்றைவிடக் கனமானது. கொதிக்கும் வாயு, சாம்பல், நொறுங்கிய கற்குழம்பு எல்லாம் கலந்த ஒரு கலவை. லாரியிலிருந்து மணலைக் கொட்டும்போது தூசு மேலே போகாமல் தரையோடு உருண்டு வந்து காலைச் சூழ்வதைப் பார்த்திருப்பீர்கள். அதையே பல நூறு டிகிரி வெப்பத்தோடு, மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் நினைத்துப் பாருங்கள். கனமான அடிப்பகுதி பள்ளத்தாக்கின் சொல்லைக் கேட்கும். மேலே மிதக்கும் இலகுவான பகுதிக்கு மேடும் பள்ளமும் ஒன்றுதான். குழு நம்பியிருந்த அந்த மேடுகளின் மீது அது சர்வ சாதாரணமாக ஏறி வந்தது.

சேன் பியரின் இடிந்த சுவர்களை நான் ஒவ்வொரு தெருவாக நடந்து பார்த்தேன். மலையை எதிர்நோக்கிக் குறுக்கே நின்ற சுவர்கள், ஒரு மீட்டர் தடிமனான கல் கட்டுமானமாக இருந்தாலும், அடியோடு சாய்ந்துவிட்டன. வடக்குத் தெற்காக, மேகம் வந்த திசையிலேயே ஓடிய சுவர்கள் பல இன்றும் நிற்கின்றன. குன்றின் மேலிருந்த, சுமார் மூன்று டன் எடையுள்ள கன்னிமரியாள் சிலை பீடத்திலிருந்து பன்னிரண்டு மீட்டர் அளவுக்குத் தூக்கி எறியப்பட்டது. இத்தனை செய்த அந்த மேகம் நகரத்தில் விட்டுச்சென்ற சாம்பல் அடுக்கு வியக்கும் அளவுக்கு மெல்லியது. மக்களைப் புதைத்தது அந்தச் சாம்பல் என்று எண்ண வேண்டாம். ஒன்றிரண்டு மூச்சில் உள்ளே போன வெப்பக்காற்றே பெரும்பாலானோரைக் கொன்றது.

இதுவரை உறுதியானவை. மேகத்தின் வெப்பநிலையைப் பற்றி இன்னும் கருத்து வேற்றுமை உண்டு. உருகிய கண்ணாடியும் உருகாத செம்பும் கிடைத்ததால், 700 டிகிரிக்கு மேல் ஆயிரத்துக்குக் கீழ் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. ஆனால் அந்த நகரம் ரம் பீப்பாய்களால் நிரம்பியிருந்தது. மேகம் கடந்த பிறகு பல மணி நேரம் அது கொழுந்துவிட்டு எரிந்தது. கண்ணாடியை உருக்கியது அந்தத் தீயாகவும் இருக்கலாம். மேகம் மட்டும் எவ்வளவு சூடு என்று கேட்டால், 200-க்கும் 400-க்கும் இடையே என்ற பிற்கால மதிப்பீடுகளின் பக்கமே நான் சாய்வேன். மேகம் எப்படிப் புறப்பட்டது என்பதிலும் இரண்டு கட்சி. பிளான்ஷ் பள்ளத்தாக்கில் இறங்கிய கனமான பாய்வின் மேற்பகுதி பிரிந்து பக்கவாட்டில் நகரத்தைத் தாக்கியது என்பார் ஒருவர். உச்சிவாயின் வெட்டு வழியாக நேராக நகரத்தை நோக்கி ஒரு பக்க வெடிப்பு நிகழ்ந்தது என்பார் மற்றவர். சாய்ந்த சுவர்களின் திசையைப் பார்க்கும்போது இரண்டாவது எனக்கு வலுவாகத் தெரிகிறது. பள்ளத்தாக்கில் கிடக்கும் படிவுகளைப் பார்க்கும்போது முதலாவதை விட முடியவில்லை. 1980-களில் தொடங்கிய இந்த வாதம் முடியவில்லை.

கைதியின் கதை பாதி உண்மை. லூயி-ஒகுஸ்த் சிபாரிஸ் என்ற இளைஞர் தனிமைச் சிறையில் இருந்தார். தடித்த கற்சுவர், கதவின் மேல் ஒரு சிறு துளை மட்டும், அதுவும் மலைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தது. முதுகிலும் கால்களிலும் கடுமையாக வெந்து, மூன்று நாளுக்குப் பிறகு முனகல் கேட்டு மீட்கப்பட்டார். பின்னாளில் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸ் அவரை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டியது. அந்தச் சிறையறை இன்றும் இருக்கிறது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். எதற்காகச் சிறையில் இருந்தார் என்பதற்குக் கொலை, கத்திக்குத்து, குடிபோதைச் சண்டை என்று பல வடிவங்கள் உண்டு. சர்க்கஸ் விளம்பரம் கலந்த பிறகு அவற்றில் எதையும் அப்படியே ஏற்க முடியாது. அவர் மட்டுமே பிழைத்தார் என்பது தவறு. லியோன் கோம்பேர்-லெயாந்தர் என்ற செருப்புத் தொழிலாளி நகரத்தின் ஓரத்தில் தன் வீட்டு வாசலில் இருந்தார். உடன் இருந்தவர்கள் கண்ணெதிரே சாக, வெந்த உடம்போடு எழுந்து ஓடித் தப்பினார். துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் ரோடம் எரிந்துகொண்டே நங்கூரத்தை அறுத்துக்கொண்டு, கைகள் வெந்த கேப்டனோடு பக்கத்துத் தீவான செயின்ட் லூசியா போய்ச் சேர்ந்தது. ரொரைமா எரிந்து மூழ்கியது, ஆனால் அதிலிருந்தும் சிலர் மீண்டார்கள். மேகத்தின் விளிம்பில் அகப்பட்டு வெந்துபோய்ப் பிழைத்தவர்களும் உண்டு. இறந்தவர்கள் 28,000 முதல் 30,000 வரை. ஊரை விட்டுப் போனவர் எத்தனை, அடைக்கலம் தேடி வந்தவர் எத்தனை என்று எண்ணி வைத்தவர்களும் அவர்களோடு இறந்துவிட்டார்கள். அதனால் இந்தக் கணக்கை இதற்கு மேல் துல்லியமாக்க வழியில்லை.

இப்போது ஆளுநருக்கு வருகிறேன். மக்கள் வெளியேறக் கூடாது என்று ஆணையிட்டதற்கோ, வழிகளில் படை நிறுத்தியதற்கோ நான் படித்த கவனமான ஆய்வுகள் எதிலும் சான்று காட்டப்படவில்லை. மாறாக, சேன் பியருக்கும் ஃபோர்-து-பிரான்ஸுக்கும் இடையே பயணிகள் நீராவிப் படகுகள் நாள்தோறும் ஓடின. டிக்கெட் வாங்கியவர்கள் போனார்கள். நேப்பிள்ஸைச் சேர்ந்த ஒரு சரக்குக் கப்பல் கேப்டன் பாதிச் சரக்கு ஏற்றியிருக்கும்போதே, தனக்கு வெசுவியசைத் தெரியும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டதாக ஒரு செய்தி உண்டு. தேர்தலில் நின்ற வேட்பாளர்களில் ஒருவரான ஃபெர்னான் கிளேர் என்ற தோட்ட முதலாளியே 8-ஆம் தேதி அதிகாலையில் குடும்பத்தோடு நகரத்தை விட்டு வெளியேறினார். காற்றழுத்தமானியின் முள் துடித்ததைப் பார்த்துப் பயந்து போனதாகப் பின்னர் சொன்னார். ஆளுநரோ 7-ஆம் தேதி தன் மனைவியை அழைத்துக்கொண்டு சேன் பியருக்குள் வந்தார். இருவரும் மறுநாள் அங்கேயே இறந்தார்கள். லாந்தும் இறந்தார், லே கொலோனியின் ஆசிரியரும் இறந்தார். தாங்கள் சொன்னதைத் தாங்களே நம்பவில்லை என்றால் இவர்கள் அங்கே இருந்திருக்க மாட்டார்கள்.

ஆனாலும் தேர்தலுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். தேர்தல் நேரத்தில் செய்தித்தாள் பதற்றத்தைக் குறைத்தே எழுதியது. நிர்வாகத்தின் கவனமும் சிதறியிருந்தது. வெளியேற வசதியில்லாத ஏழைகளை ஏற்றிச்செல்ல அரசு எந்த ஏற்பாடும் செய்யவில்லை. டிக்கெட் வாங்கியவர்கள் போனார்கள் என்று மேலே எழுதியபோது எனக்குக் கை தயங்கியது. கரும்பு வெட்டும் கூலிக்குக் குடும்பத்தோடு படகேறப் பணம் ஏது? ஏறினாலும் எங்கே போய்த் தங்குவார்? தடுத்து நிறுத்த ஒரு சிப்பாயும் தேவைப்படவில்லை.

உண்மையாகவே குற்றம் சாட்ட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி எவரும் கேட்பதில்லை. சேன் பியர் அழிந்து நான்கு மாதம்கூட ஆகாத நிலையில், ஆகஸ்ட் 30 இரவு பெலே மீண்டும் அதேபோல் வெடித்தது. இம்முறை மேகம் கிழக்கே திரும்பி, மே மாதத்தில் தப்பிய மோர்ன் ரூஜ் என்ற ஊரையும் சுற்றுக் கிராமங்களையும் எரித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மே மாதம் ஓடிப்போய்ப் பின்னர் வீடு திரும்பியிருந்தவர்கள் அவர்களில் பலர். மே 8-இல் அந்த மேகம் என்னவென்று உலகில் எவருக்கும் தெரியாது. ஆகஸ்டில் தெரியும். பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரெட் லாக்ருவா ஜூனிலேயே வந்து ஆராய்ந்து போயிருந்தார். ஜூலை 9-ஆம் தேதி ஆண்டர்சன், ஃப்ளெட் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஒரு சிறு பாய்மரப் படகிலிருந்து அதே வகை மேகம் மலையிலிருந்து இறங்கிக் கடலின் மேல் தங்களை நோக்கி உருண்டு வருவதைப் பார்த்து, காற்று கைகொடுத்ததால் தப்பியிருந்தார்கள். தெரிந்த பிறகும் அந்த மலையடிவாரத்தில் மக்கள் திரும்பி வாழ விடப்பட்டார்கள். மே மாதத்து ஆளுநரை மன்னிக்க என்னால் முடிகிறது. ஆகஸ்டில் பொறுப்பில் இருந்தவர்களை மன்னிக்க முடியவில்லை.

லாக்ருவா அக்டோபரில் திரும்பி வந்து மாதக்கணக்கில் மலையைக் கவனித்தார். டிசம்பர் 16-இல் ஒரு மேகம் இறங்கிக் கடலை அடைவதைப் படிப்படியாகப் புகைப்படம் எடுத்தார். அந்தப் படங்களில்தான் என் துறை தொடங்குகிறது என்று சொன்னால் மிகையில்லை. எரிமேகம் என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரை அவர் நிலைநிறுத்தினார். அவருடைய மாமனார் ஃபூக்கே என்ற அறிஞர், அட்லாண்டிக் கடலில் உள்ள அசோர்ஸ் தீவுகளில் வெகுகாலம் முன் நடந்த வெடிப்பைப் பற்றி மக்கள் வழங்கிய சொல்லிலிருந்து அதை எடுத்து எழுதியிருந்தார். எங்கோ ஒரு தீவின் குடியானவர்கள் கண்டு பெயர் வைத்திருந்த ஒன்று, மற்றொரு தீவின் அறிவாளர் குழுவுக்கு எட்டவில்லை. அதே மாதங்களில் பெலேயின் வாயிலிருந்து இறுகிய குழம்பு ஒரு தூணாக மேலே எழுந்தது. 1903 மே மாதத்தில் அது 300 மீட்டருக்கு மேல் உயர்ந்து, சில மாதங்களில் நொறுங்கி விழுந்தது. களி எவ்வளவு இறுகியது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மலையைக் கண்காணிக்க ஒரு நிலையம் அமைத்தார்கள். அடங்கிவிட்டது என்று 1925-இல் அதை மூடினார்கள். 1929-இல் பெலே மீண்டும் விழித்தது. அந்த வெடிப்பு 1932 வரை நீடித்தது. எரிமேகங்கள் மறுபடியும் பிளான்ஷ் ஆற்றில் இறங்கின. இம்முறை மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். எவரும் இறக்கவில்லை. ஃபிராங்க் பெரெட் என்ற அமெரிக்கர் மலைச்சரிவில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு அதைப் பதிவுசெய்தார். சேன் பியரில் இன்றுள்ள அருங்காட்சியகம் அவர் தொடங்கியது.

கேட்டவரின் மனத்தில் இருக்கக்கூடிய கடைசிக் கேள்வி, இன்று இது நடந்தால் காப்பாற்ற முடியுமா என்பது. இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் 1976-இல் சூஃப்ரியேர் என்ற எரிமலை புகையத் தொடங்கியது. 1902-ஐ நினைத்து அஞ்சிய அரசு எழுபதாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றியது. குழம்பு மேலே வருகிறதா, வெறும் நீராவியா என்று நாட்டின் முன்னணி அறிஞர்கள் பொதுவெளியில் மோதிக்கொண்டார்கள். மாதங்கள் கழிந்தன, பெருவெடிப்பு வரவில்லை. வீட்டையும் பிழைப்பையும் விட்டுப் போனவர்களின் கோபம் பல ஆண்டுகள் ஆறவில்லை. மற்றொன்று செயின்ட் வின்சென்ட் தீவு. அங்குள்ள எரிமலைக்கும் சூஃப்ரியேர் என்றே பெயர். 1902 மே 7-இல், சேன் பியர் அழிவதற்கு முதல் நாள், அது வெடித்து 1,500 பேர் அளவில் கொன்றது. அதே மலையில் 2020 டிசம்பரில் புதிய குவிமாடம் வளரத் தொடங்கியது. 2021 ஏப்ரல் 8-ஆம் தேதி வெளியேற்ற ஆணை வந்தது. மறுநாள் காலை மலை வெடித்தது. அபாயப் பகுதியில் இருந்த 16,000-க்கும் மேற்பட்டோர் விலகியிருந்தார்கள். எரிமேகங்கள் வெறுமையான பள்ளத்தாக்குகளில் இறங்கின.

ஆகவே என் பதில்: முடியும், ஆனால் எப்போது என்ற கேள்விக்குத் தேதி சொல்ல எங்களால் முடியாது. அதிர்வு, தரை வீக்கம், வாயு மாறுதல் இவற்றைக் கொண்டு மலை விழிக்கிறது என்று சொல்லலாம். விழித்த மலை வெடிக்குமா, புரண்டு படுக்குமா என்பதை மணி அடித்துச் சொல்லும் அறிவு இன்னும் வரவில்லை. வெளியேற்றிய பிறகு ஒன்றும் நடக்காவிட்டால், அந்தச் செலவைத் தாங்கிக்கொள்ள மக்களும் அரசும் முன்கூட்டியே ஒப்பியிருக்க வேண்டும். பெலேயிலேயே 2019 முதல் சிறு அதிர்வுகள் கூடியதால், 2020 டிசம்பரில் எச்சரிக்கை நிலை பச்சையிலிருந்து மஞ்சளுக்கு உயர்த்தப்பட்டது. நான்கு நிலைகளில் அது இரண்டாவது. உச்சிக்குத் தென்மேற்கே ஒரு பகுதியில் மரங்கள் பட்டுப்போயிருக்கின்றன. அடியிலிருந்து கசியும் வாயுவும் வெப்பமுமே காரணம் என்று கருதப்படுகிறது. சேன் பியரில் இப்போது வாழ்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். மோர்ன் ரூஜுக்கு மேலிருந்து உச்சிக்குப் போகும் நடைபாதையில் இன்றும் பயணிகள் ஏறுகிறார்கள். நீங்கள் போவதாக இருந்தால், ஏறும் நாளன்று கண்காணிப்பு நிலையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். நிலை ஆரஞ்சுக்குப் போயிருந்தால் மலையடிவாரத்தில்கூட நிற்காதீர்கள்.